நாலரையும் ஆறரையும்

அந்த அரவைக் கொட்டகையில் களைப்பை யாரும் நோயென்று நினைத்ததில்லை. வெள்ளைக் கல்லை உடைத்து, அரைத்து, சலித்து, மூட்டை கட்டி அனுப்புகிற இடம். காலை ஏழரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போகிறவர்களுக்குக் களைப்பு வராமல் வேறென்ன வரும்? தலை வலித்தால் மில்லின் இரைச்சல் என்றார்கள். வயிற்றைப் பிசைந்தால் நேற்று மிஞ்சியதைத் தின்றது என்றார்கள். கை ஓய்ந்தால் வயசாச்சு என்றார்கள், முப்பது வயசுக்காரிகூட.

வேலை செய்த பதினோரு பேரில் ஒருத்தி மட்டும் சுத்தியலையோ சல்லடையையோ தொடாதவள். அவளைத் தராசு என்று கூப்பிட்டார்கள். ஜன்னல் ஓரத்தில் அவளுக்கு ஒரு மேசை. மேசை மேல் சின்னத் தராசு, கழுத்து நீண்ட கண்ணாடிக் குடுவை, கோடு போட்ட அளவு ஜாடி, ஒரு கேன் மண்ணெண்ணெய், சோதனை நோட்டு. பெயின்ட் கம்பெனிகள் அந்தப் பொடியை வாங்கிப் பெயின்டில் கலப்பார்கள். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பொடியின் அடர்த்தி நாலு புள்ளி இரண்டுக்குக் குறையக் கூடாது. அதாவது அதே அளவு தண்ணீரைப்போல நாலு மடங்குக்கு மேல் கனக்க வேண்டும். சீட்டில் பேரைட் என்று எழுதினாலும் கொட்டகையில் அந்தக் கல்லுக்குப் பெயர் கனக்கல்தான். சுண்ணாம்புக் கல் கலந்துவிட்டால் எண் இறங்கிவிடும். இறங்கினால் லாரி திரும்பி வரும்.

அதனால் ஒவ்வொரு லோடிலும் நூறு கிராம் பொடியை எடுத்து, குடுவையிலிருக்கும் மண்ணெண்ணெயில் கொட்டி, எத்தனை மில்லி ஏறுகிறது என்று தராசு பார்ப்பாள். நூறை அந்த மில்லியால் வகுத்தால் அடர்த்தி. இருபத்துமூன்றரை ஏறினால் நாலே கால். சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு லோடோடு அனுப்புவாள். ஒன்பது வருஷமாக இதே வேலை.

நாலு மாதத்துக்கு முன்னால் லாரிக்காரர் புதுக் கல் கொண்டுவந்தார். எங்கோ கைவிட்ட பழைய சுரங்கத்துப் பக்கம் மலைபோல் குவிந்து கிடந்ததாம். பழைய கல்லைவிட வெளுப்பு. உடைத்த இடம் பளபளத்தது. மில்லில் போட்டால் சண்டித்தனம் செய்யாமல் மாவாகிவிட்டது. தராசு சோதித்தபோது மில்லி இருபதுதான் ஏறியது. அடர்த்தி ஐந்து.

முதலாளி குடுவையைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார். "அஞ்சா?"

"அஞ்சுதான் முதலாளி. ரெண்டு தடவை போட்டுட்டேன்."

அன்று எல்லோருக்கும் டீயோடு பன் வந்தது. தராசுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. ஒன்பது வருஷமாக நாலு புள்ளி இரண்டுக்கும் நாலு புள்ளி மூன்றுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதியவளுக்கு, ஐந்து என்று எழுதுவது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

ஐம்பது கிலோ மூட்டை முன்பு இடுப்பளவு நிற்கும். இப்போது அதே ஐம்பது கிலோ, இடுப்புக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. மூட்டை தைக்கிறவளை எல்லோரும் உயரம் என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு குட்டை. "மூட்டையும் என்னைப் பாத்துப் பாத்துக் குட்டையாயிடுச்சு" என்றாள் அவள். அதற்கும் சிரித்தார்கள். கனக்கல்லே கனமான கல்தானே, இன்னும் கொஞ்சம் கனத்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

மில்லின் வாயில் கல் அள்ளிப் போடுகிற வேலை தராசின் தங்கைக்கு. அங்கேதான் தூசி அதிகம். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தராசுதான். தங்கை, தங்கையின் வீட்டுக்காரர், தராசு, மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். முன்னறையில் தையல் மெஷின், அதில் தையல்காரரான தங்கையின் வீட்டுக்காரர். உள்ளறை அக்கா தங்கைகளுக்கும் பாத்திரங்களுக்கும்.

இரண்டு மாதமாகத் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுகி உட்காருவாள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்று எழுந்துவிடுவாள். முகம் வெளிறிப் போனது. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து தூங்கினாள். ஒருநாள் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே போட்டாள். எடுத்தாள், மறுபடியும் போட்டாள்.

"கையில என்ன?" என்றாள் தராசு.

"ஒண்ணுமில்ல. மரத்துப் போன மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

"நாள் எண்ணிக்கிட்டா இருக்காங்க. விடு அக்கா."

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "நேத்து சட்டை பட்டன் போட முடியலைன்னு என்னைப் போடச் சொன்னா அக்கா. நான் கொஞ்சலுன்னு நெனச்சுட்டேன்."

மறுநாள் அரைநாள் லீவு சொல்லி அக்காவும் தங்கையும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரிசையில் மூன்று மணி நேரம். தங்கை பெஞ்சிலேயே தூங்கிவிட்டாள். அவள் தலை தன் தோளில் கிடந்த கனத்தைத் தராசு உணர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். தனக்கும் அப்படியே சாய்ந்துவிடலாம் போலத்தான் இருந்தது, சாய்வதற்குத் தோள் இல்லை.

டாக்டர் ஒரு பெண். அவர் கண்ணுக்கடியிலும் கருவளையம். இமையை இழுத்துப் பார்த்தார். உதட்டை மடித்து ஈறைப் பார்த்தார், டார்ச் அடித்து மறுபடி பார்த்தார். பல்லோரத்தில் பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

"கையை முன்னால நீட்டுங்க. மணிக்கட்டை மேல தூக்குங்க."

தங்கை தூக்கினாள். இடது கை எழுந்தது. வலது கை காம்பு வாடிய இலை போலத் தொங்கியது.

"என்ன வேலை பாக்கறீங்க? பழைய பேட்டரி உடைக்கிறது, ஈயம் உருக்குறது, அந்த மாதிரி ஏதாவது?"

"இல்லீங்க. வெள்ளைக் கல்லு அரைக்கிறோம். பேரைட்டு."

டாக்டர் யோசித்தார். "பேரைட் உடம்பைப் பெருசா ஒண்ணும் பண்ணாதும்மா. சுத்தம் பண்ணி, வயித்தை எக்ஸ்ரே எடுக்கும்போது குடிக்கவே குடுக்கிறோம். ஆனா இவங்களுக்கு இருக்கிற அடையாளம் எல்லாம் ஈயம் மாதிரி இருக்கு. ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பணும். முடிவு வரப் பத்து நாளாகும். அதுவரைக்கும் வேலைக்குப் போக வேண்டாம்." பிறகு எழுதிக்கொண்டே கேட்டார். "நீங்க அரைக்கிறது பேரைட்டுதான்னு நிச்சயமா தெரியுமா?"

"அதைச் சோதிக்கிறதே நான்தாங்க" என்றாள் தராசு.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் சோதித்தது கல் பேரைட்டா என்று இல்லை. அடர்த்தி நாலு புள்ளி இரண்டுக்குக் கீழே போகிறதா என்று மட்டும்தான். மேலே போனால் என்ன அர்த்தம் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு விடுமுறை. முதலில் வந்து திறக்கிறவள் என்பதால் சாவி அவளிடம் இருந்தது. காலை பத்து மணிக்குப் போனாள். உயரத்தின் வீடு கொட்டகைக்குப் பின்தெருவில். கதவு திறக்கும் சத்தம் கேட்டு அவள் ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"லீவு நாள்லகூட உன்னால தராசை விட்டுட்டு இருக்க முடியலையா?"

"கொஞ்சம் என்கூட இரு. நூல் கட்டணும்."

"எதுக்கு?"

"ஒவ்வொரு கல்லா நிறுத்துப் பாக்கப் போறேன்."

குவியலுக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு அள்ளுவது போல, பெரிசு பளபளப்பு என்று பார்க்காமல், ஜாடிக்குள் இறங்குகிற அளவில் நாற்பது கல் பொறுக்கிக்கொண்டு வந்தாள். தூசியைக் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கினாள். ஜாடியில் இருநூறு மில்லி தண்ணீர். கல்லைத் தராசில் வைத்து கிராம் பார்ப்பாள். உயரம் நூல் கட்டிக் கொடுப்பாள். கல் இடித்து ஜாடி உடையாமல் மெல்ல இறக்கி, தண்ணீர் எத்தனை மில்லி ஏறியது என்று பார்ப்பாள்.

முதல் கல் நூற்று முப்பத்தைந்து கிராம். தண்ணீர் முப்பது மில்லி ஏறியது. நாலரை.

இரண்டாவது கல் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நாற்பத்துநாலு மில்லி. அதுவும் நாலரை.

மூன்றாவது முதல் கல்லைவிடச் சற்றுச் சிறியது. நூற்று இருபத்தாறு கிராம். தண்ணீர் இருபது மில்லிதான் ஏறியது. தராசு மூக்கு ஜாடியில் படுமளவு குனிந்து பார்த்தாள். கல்லை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி நிறுத்து மறுபடி இறக்கினாள். இருபதுதான். ஆறு புள்ளி மூன்று.

"என்ன ஆச்சு?" என்றாள் உயரம்.

"அடுத்ததைக் கட்டு."

நாலரை, நாலரை, ஆறரை, நாலு புள்ளி நாலு. வெயில் ஜன்னலைத் தாண்டி மேசைக் காலுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் முதுகு கடுத்தது. நடுவில் உயரம் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நூல் கட்டினாள். ஒரு மணிக்கு நாற்பதாவது கல்லும் முடிந்தது. மேசையின் இந்தப் பக்கம் இருபத்தாறு கல், எல்லாம் நாலரையை ஒட்டி. அந்தப் பக்கம் பதின்மூன்று, எல்லாம் ஆறே காலுக்கு மேல். ஒன்று மட்டும் இரண்டுங்கெட்டானாக ஐந்து புள்ளி மூன்று. அதைச் சுத்தியலால் உடைத்தபோது பாதி மங்கலாகவும் பாதி மினுமினுப்பாகவும் இருந்தது. ஒரே கல்லுக்குள் இரண்டு கல்.

உயரம் இந்தப் பக்கத்து ஒன்றையும் அந்தப் பக்கத்து ஒன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"எனக்கும் அப்படித்தான். அரைச்சுப் பொடியாக்கிட்டா ரெண்டும் சேர்ந்து ஒரே எண்ணாயிடும். அஞ்சு. உண்மையில இந்தக் குவியல்ல அஞ்சுன்னு ஒரு கல்லே இல்ல."

குடுவை வாங்கியபோது அதோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. கடைசிப் பக்கங்களில் கற்களின் பெயர், நிறம், அடர்த்தி என்று பட்டியல். ஒன்பது வருஷத்தில் அவள் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை. இப்போது வெள்ளைக் கற்களைத் தேடி விரலை மேலிருந்து இறக்கினாள். இரண்டே முக்கால், மூன்று, நாலரை. நாலரைக்கு எதிரே பேரைட். ஆறே காலுக்கு மேல் வெள்ளைக் கற்கள் இரண்டே இரண்டு. பெயர்களை அவள் கேள்விப்பட்டதில்லை. இரண்டுக்கும் எதிரே ஒரே குறிப்பு இருந்தது. ஈயத் தாது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பயமோ அழுகையோ வரவில்லை. ரொம்ப தூரம் நடந்து வந்து, வந்தது தப்பான வழி என்று யாரோ சொன்னால் வருகிற அந்த அலுப்புதான் வந்தது.

"எனக்கு மூணு வாரமா வயிறு போகல" என்றாள் உயரம், கல்லைக் கீழே வைத்துவிட்டு. "வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல."

திங்கட்கிழமை காலை முதலாளி வந்ததும் தராசு அவரை மேசைக்குக் கூப்பிட்டு இரண்டு குவியலையும் காட்டினாள். அவர் கொடுமைக்காரர் இல்லை. தானும் மூட்டை தூக்கி, தானும் அதே தூசியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறக்கிறவர்தான். எண்களையெல்லாம் கேட்டுவிட்டு, "என் முன்னால ஒண்ணு போடு" என்றார். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு கல்லை அவரே எடுத்துக் கொடுத்தார். நாலரை வந்தது. ஆறரையும் வந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உயரத்துக்குத் தெரியும். என் தங்கச்சிக்கு இன்னும் சொல்லல."

"கல்லைத் தனித்தனியா பொறுக்கிட முடியாதா?"

"கண்ணுக்குத் தெரியாது முதலாளி. ஒவ்வொண்ணா தண்ணியில இறக்கணும். ஒரு லோடுக்கு ஒரு மாசம் ஆகும்."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரத்தம் சோதிச்சு முடிவு வரட்டும். பத்து நாள்தானே. அதுவரைக்கும் எல்லாரும் வாயில ஈரத்துணி கட்டிக்கட்டும். கொட்டகையை இன்னிக்கு மூடினா இந்தப் பதினோரு பேரும் நாளைக்கு எங்க போவாங்க?"

 மில் ஓடத் தொடங்கியது. பத்து மணி டீயின்போது அவள் மற்றவர்களிடம் சொல்லிவிட்டாள். யாரும் கத்தவில்லை, அழவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. சல்லடை போடுகிறவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ. இப்ப வயித்து வலியும் இருக்கு, வேலையும் போகும்."

"அப்ப பேசாம சாகச் சொல்றியா?" என்றாள் உயரம்.

"நான் அப்படிச் சொல்லல. களைப்பா இருக்குன்னு சொல்றேன்."

மதியம் லோடு தயாரானது. பெயின்ட் கம்பெனிக்குப் போகிற லாரி வாசலில் நின்றது. சோதனைச் சீட்டு இல்லாமல் லோடு போகாது. தராசு வழக்கம்போல நூறு கிராம் எடுத்துக் குடுவையில் போட்டாள், அடர்த்தி ஐந்து என்று எழுதினாள். அதன் கீழே, இதுவரை எழுதாத ஒரு வரியும் எழுதினாள். 'ஈயக் கல் கலந்தது.' கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் நீட்டினாள். 

அவர் படித்தார். கிழிப்பார் என்று நினைத்தாள். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், வெளியே எடுத்து மறுபடி படித்தார். வாசலில் நின்ற லாரியின் டிரைவர் ஹாரன் அடித்தார். முதலாளி நடந்து போய் மில்லின் மெயின் சுவிட்சை இறக்கினார். இரைச்சல் நின்றதும் எல்லோர் காதிலும் ஒரு வெறுமை. 

திரும்பி வந்து அவள் மேசையோரம் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார். "அந்த டாக்டரம்மா ஆம்பளைங்களையும் பாப்பாங்களா?"

"பாப்பாங்க முதலாளி. வரிசைதான் பெருசு."

தங்கையிடம் அன்று மாலை சொன்னாள். தங்கை படுத்திருந்தாள். தையல்காரர் மெஷினில் கால் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தராசு முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை சொன்னாள், பட்டியலைச் சொன்னாள், சீட்டைச் சொன்னாள். தங்கை முகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அஞ்சு வந்தப்ப நீ சிரிச்சே அக்கா" என்றாள்.

"ஆமாம்."

"பன்னு தின்னோம்."

"ஆமாம்."

"நாலு மாசம் தினமும் அதே அஞ்சை எழுதியிருக்கே. ஒரு நாளாவது ஏன்னு தோணலையா உனக்கு?"

கல் கெட்டுப்போனால் எண் இறங்கும் என்றுதான் தனக்குச் சொல்லியிருந்தது, ஏறினால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள் என்றெல்லாம் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். தராசு போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள். தங்கை சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். தையல்காரர் வெகுநேரம் வரை மெஷினை ஓட்டவில்லை.

ரத்தச் சோதனை முடிவு பத்து நாளில் வரவில்லை, பதினான்கு நாளில் வந்தது. அதற்குள் டாக்டர் பதினோரு பேரையும் முதலாளியையும் வரச் சொல்லி எல்லோரிடமும் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ரத்தத்தில் ஈயம் இருக்கக் கூடாத அளவில் இருந்தது. எல்லோரையும்விட அதிகம் தங்கைக்கு. எல்லோரையும்விடக் குறைவு ஜன்னலோரம் உட்கார்ந்த தராசுக்கு. டாக்டர் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டியபோது தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் தராசுக்குப் பொறுக்கவில்லை.

தங்கையையும் இன்னும் மூன்று பேரையும் படுக்கையில் சேர்த்தார்கள். உடம்பிலிருக்கும் ஈயத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்ற மருந்து ஏற்றினார்கள். பகல் முழுக்கத் தராசு பக்கத்தில் இருந்தாள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள் தங்கை. தலை வாரினால் தலையைக் கொடுத்தாள். பேசவில்லை. தையல்காரர் சாப்பாட்டோடு வரும்போது மட்டும் அவரிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். அவர் அக்கா பக்கம் பார்த்து, தன்மேல்தான் தப்பு என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

சுகாதார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கொட்டகையைப் பார்த்தார்கள். கல்லை எடுத்துப் போய் அவர்கள் சோதனைச்சாலையிலும் பார்த்தார்கள். அதே முடிவுதான். கதவுக்கு முத்திரை வைத்தார்கள். கல் கொண்டுவந்த லாரிக்காரரிடம் முதலாளி கேட்டதற்கு, "வெள்ளையா இருந்துச்சு, கனமா இருந்துச்சு, நீங்க கேட்டதும் அதைத்தானே" என்றார் அவர். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

கொட்டகையில் மிச்சமிருந்ததற்கு வழி தெரிந்துவிட்டது. ஏற்கனவே போனதற்கு? நாலு மாதத்தில் முப்பத்தெட்டு லோடு போயிருந்தது. அந்தப் பொடி எந்தெந்தச் சுவரில் பூசப்பட்டதோ, எந்தக் கட்டில் காலில் அடிக்கப்பட்டதோ. முதலாளி, "எழுதணும்னா எழுதும்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். எழுத அவருக்குத் தெம்பில்லை, கை வேறு சரியில்லை. தராசு ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து சோதனை நோட்டைப் பார்த்து, எந்தத் தேதி, எந்தக் கம்பெனி, என்ன அடர்த்தி என்று ஒவ்வொன்றாக எழுதினாள். மூன்று கம்பெனிக்கு மூன்று கடிதம். ஒரு கம்பெனி பொடியைத் திருப்பி அனுப்புவதாகவும், விற்ற டப்பாக்களைத் திரும்ப எடுப்பதாகவும் பதில் போட்டது. இன்னொன்றிலிருந்து ஒருவர் போன் செய்து, இப்படியெல்லாம் எழுதிக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். மூன்றாவதிடமிருந்து பதிலே வரவில்லை. அதற்கு இரண்டாவது தடவையும் எழுதினாள். பிறகு சுகாதார அலுவலகத்துக்கே நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதத்தில் வயிற்று வலி எல்லோருக்கும் குறைந்தது. மில் ஓட்டுகிறவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். சல்லடை போட்டவள் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள், வழியில் பார்த்தால் தராசிடம் பேசாமல் போவாள். உயரத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பசி எடுத்தது. "இப்ப சாப்பிடறதைப் பாத்தா நான் வளந்துடுவேன் போலிருக்கு" என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். தங்கையின் மணிக்கட்டு முக்கால் வாசி எழுந்தது. பாக்கிக் கால் பங்கு வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அவர் எதையும் கூட்டிச் சொல்கிறவர் இல்லை.

கொட்டகையை மறுபடி திறக்க அனுமதி கிடைத்தபோது, முதலாளி பழைய குவாரிக் கல்லுக்கே திரும்பினார். மில்லுக்கு மேல் தூசியை இழுக்கும் குழாய் போட்டார். தராசைக் கூப்பிட்டார். அவள் ஒரு நிபந்தனையோடு போனாள். பொடியாவதற்கு முன்னால் கல்லாகவே பார்ப்பாள், ஒவ்வொரு லோடிலும் நாற்பது கல். நாலு புள்ளி இரண்டுக்குக் கீழே போனாலும் சீட்டு கிடையாது, நாலு புள்ளி ஆறுக்கு மேலே போனாலும் கிடையாது. நாற்பது கல் நிறுத்து முடிக்க அரைநாள் ஆகும். முதுகு போய்விடும். முதலாளி சரி என்றார்.

தங்கை அங்கே திரும்பிப் போகவில்லை. தையல்காரரோடு உட்கார்ந்து, இடது கையால் நூல் வெட்டவும் மடிக்கவும் பழகிக்கொண்டாள். அக்காவிடம் பேச்சு மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் உப்பு எங்கே, தண்ணி வந்துச்சா என்கிற அளவில். ஒரு மாலை தராசு வேலை முடிந்து வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு இரண்டு லோடு, எண்பது கல். உள்ளே போய்ப் படுக்கவும் சோம்பல்.

தங்கை வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இன்னிக்கு ஏதாவது தப்பா வந்துச்சா?" என்றாள்.

"இல்ல. எல்லாம் நாலரைக்குள்ளதான்."

"எல்லாத்தையும் பாத்தியா?"

"எல்லாத்தையும் பாத்தேன்."

தங்கை தலையாட்டினாள். அக்காவின் தோளைத் தள்ளி, "எந்திரி. உள்ள போய்ப் படு. சாப்பாடு ஆனதும் எழுப்பறேன்" என்றாள்.

தராசு எழுந்து உள்ளே போய்ப் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.